“குற்றம் கம்மியான ஏரியா” என்று தாள் காட்டி வீடு விற்கிறார்கள், கவனம்

தாம்பரம், பல்லாவரம், ஆவடி பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கினோம். வழக்கு நடப்பதால் பில்டர் பெயரையோ காவல் நிலையத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் எங்களிடம் காட்டிய அதே மாதிரித் தாளை வேறு இடங்களிலும் காட்டுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

என் கணவருக்குப் பாதி நாள் இரவு ஷிப்ட். மகள் கல்லூரி முடிந்து வர இருட்டிவிடும். அதனால் விற்பனைக்கு வந்தவரிடம் நான் முதலில் கேட்டதே பாதுகாப்பைப் பற்றித்தான். உடனே பளபளவென்று ஒரு வண்ணத் தாளை எடுத்து நீட்டினார். “மேடம், தாம்பரம் தனி கமிஷனரேட் ஆனதுக்கப்புறம் குற்றம் பாதியாயிடுச்சு. லட்சம் பேருக்கு எவ்வளவுன்னு கவர்ன்மென்ட் கணக்கே இருக்கு பாருங்க” என்றார். தாளின் அடியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பெயர் இருந்தது. 24 மணி நேரக் காவலாளி, மாடிக்கு மாடி கேமரா, ஒரு மாதப் பதிவு என்று விளம்பரப் புத்தகத்திலும் அச்சடித்திருந்தார்கள். இதற்கென்று தனியாக ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கினார்கள். ரசீதும் தந்தார்கள்.

திருட்டு நடந்தது பட்டப்பகலில். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது, பீரோ திறந்து கிடந்தது. ஏழு பவுன் நகை, மகளின் லேப்டாப், கொஞ்சம் ரொக்கம் எல்லாம் போய்விட்டன. பக்கத்து வீட்டுக்காரர் உடனே “கேமராவைப் பாருங்க” என்றார். போய்ப் பார்த்தோம். எங்கள் மாடியில் இருந்தது வெறும் கூடு, அதிலிருந்து ஒயரே போகவில்லை. தரைத்தளத்தில் இருந்த இரண்டு கேமராக்களும் உண்மையானவைதான், ஆனால் படத்தைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் இல்லை. காவலாளியாக இருந்தவர் வயதான ஒரு தாத்தா. அதே பில்டரின் மூன்று கட்டடங்களுக்கும் அவர் ஒருவர்தான் என்று அன்றுதான் அவரே சொன்னார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரை அங்கே உட்காரவைத்து எங்களிடம் காசு வாங்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். வந்து பார்த்தார்கள், கைரேகை எடுத்தார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆர். என்றதும் பேச்சு மாறியது. “சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேம்மா, பொருள் கிடைச்சா கூப்பிடுறோம். எஃப்.ஐ.ஆர். போட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்” என்றார் உதவி ஆய்வாளர். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். அது வழக்கு ஆகாது. அதை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேச முடியவில்லை, அவர்கள் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டார்கள்.

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்ததும்தான் எங்கள் தெருவின் கதைகள் வெளியே வந்தன. கீழ் வீட்டுப் பாட்டி காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்தவர்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் மகன் கொடுத்த புகாரில் “சங்கிலி தவறி விழுந்துவிட்டது” என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதிர் பிளாக்கில் இருக்கும் ஒரு பையனின் கையிலிருந்து செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவனை “போன் காணாமல் போய்விட்டது” என்று ஆன்லைனில் பதியச் சொல்லிவிட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது பறிப்பு 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் “தவறிவிட்டது” என்று இருந்தால் அந்தப் பிரிவு எங்கிருந்து வரும்? பறிப்பு நடந்த தெரு, கணக்கில் அமைதியான தெருவாகிவிடும்.

அதற்கப்புறம் வழக்கறிஞராக இருக்கும் என் சித்தி மகனோடு உட்கார்ந்து பில்டரின் தாளை வரி வரியாகப் பார்த்தோம். முதலில், “பாதியாயிடுச்சு” என்ற பேச்சு. தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்கள் தொடங்கியது 2022 ஜனவரி 1இல். சென்னை காவல்துறையிலிருந்து சில நிலையங்களையும் பக்கத்து மாவட்டங்களிலிருந்து சில நிலையங்களையும் எடுத்துச் சேர்த்தார்கள். அதற்கு முன் இதே எல்லையோடு ஒரு காவல் மாநகரம் கிடையாது. தாம்பரம் மாநகராட்சியின் எல்லையும் இதுவும் ஒன்றல்ல. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் தாம்பரத்தோடு இணைத்து 2021 நவம்பரில் உருவானது அந்த மாநகராட்சி. ஆணையரகத்தின் எல்லை அதையும் தாண்டிப் போகிறது. நிலையம் நிலையமாகக் கணக்கெடுத்துக் கூட்டினால் ஒழிய, முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு என்று ஒப்பிட வழியே இல்லை. அந்த வேலையை யாரும் செய்திருக்கவில்லை.

அடுத்து, “லட்சம் பேருக்கு” என்ற எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் பெருநகரங்கள் என்று தனிப் பகுதி இருக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்கள் அதில் வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் மட்டும்தான். தாளில் தாம்பரம் என்று போட்டிருந்த எண், சென்னைக்கான எண். அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் கோபப்பட்டது இங்கேதான். அரசு நிறுவனத்தின் பெயரை அடியில் போட்டால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற தைரியம் அது.

சரி, எண் சரியாகவே இருந்தாலும் என்ன தெரியும்? அந்த அறிக்கைக்குப் போவது பதிவான வழக்குகள். சி.எஸ்.ஆர். அதில் வராது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரியதை மட்டும்தான் எண்ணுவார்கள். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று காப்பகமே சொல்கிறது. புகாரை ஒழுங்காகப் பதிகிற நிலையத்தில் எண் ஏறும், திருப்பி அனுப்புகிற நிலையத்தில் இறங்கும். எண்ணைக் குறைவாகக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வருகிறது என்றுதான் நினைக்கிறேன், நிலையத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பாட்டியும் அந்தப் பையனும்தான்.

எஃப்.ஐ.ஆர். எப்படி வாங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மூன்று ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது, அதுவும் டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு. எங்களிடமும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் குடியிருக்கும் வீட்டில் திருடுவது நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, தண்டனை ஏழு ஆண்டுவரை. ஏழுக்குக் குறைவான தண்டனைக்கு மட்டுமே உள்ள சலுகையை இதற்குக் காட்ட முடியாது என்று சித்தி மகன் எழுதிக் கொடுத்தான். சுரக்ஷா சன்ஹிதாவின் அதே 173இன்படி, நிலையத்தில் பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாங்கள் துணை ஆணையருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். அந்த அட்டை திரும்பி வந்த வாரத்திலேயே நிலையத்திலிருந்து போன் வந்தது, எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் குற்ற எண் எதையும் தாளில் காட்டினால் எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்த அட்டவணை என்று எழுத்தில் கேளுங்கள். கேமரா இருக்கிறது என்றால் நேற்றைய பதிவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இன்படி காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், ஆட்களின் பின்னணியையும் சரிபார்த்திருக்க வேண்டும். அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். சாயங்காலம் ஒருமுறை போய் அங்கே இஸ்திரி போடுபவரிடமும் பால் பூத்திலும் பேசுங்கள். எந்தத் தாளை விடவும் அவர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி நன்றாகத் தெரியும். விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க உரிமை தருகிறது. பில்டர் மீது நாங்கள் போட்ட மனுவுக்கு அந்தப் புத்தகமும் ஒன்றரை லட்ச ரசீதும்தான் ஆதாரம்.

நகை இன்னும் கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் இப்போதுதான் கோப்பைத் திறந்திருக்கிறது. பாட்டியின் மகனும் அந்தப் பையனும் நடந்தது நடந்தபடியே புதிதாகப் புகார் எழுதித் துணை ஆணையருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே இதே போன்ற தாளைப் பார்த்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.