ஒரே கிரனாஷ், மூன்று நிலங்கள்

மானாவாரிக் கொடிகளின் கிரனாஷ் திராட்சையை மட்டுமே கொண்டு செய்யப்படும் உயர்தரச் சிவப்பு ஒயின்களுள், பிரான்சின் ஷாத்தோ ராயாஸ், தெற்கு ஆஸ்திரேலியாவின் சிரில்லோ 1850, அதே மாநிலத்தின் யங்காரா ஹை சாண்ட்ஸ் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

கிரனாஷின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். தண்டு கனத்து நிமிர்ந்து வளர்வதால் இக்கொடிக்குத் தாங்குகோல் தேவைப்படுவதில்லை. வறட்சியையும் பலத்த காற்றையும் தாங்கும். ஆனால் நீர் தாராளமாகக் கிடைத்தால் மிகுதியாகக் காய்த்து, நிறமும் சுவையும் நீர்த்துப்போகும். வானம் பார்த்த நிலத்தில், வேர் ஆழமாக இறங்கிய முதிய கொடியே குறைவாகக் காய்த்துச் சாரத்தைத் திரட்டுகிறது.

ராயாஸ் அமைந்துள்ள ஷாத்தோநஃப் து பாப் வட்டாரம், வெயிலை உள்வாங்கி வைத்திருக்கும் உருண்டைக் கற்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே பல திராட்சை வகைகளைக் கலப்பதே வழக்கம். ராயாஸ் இவ்விரண்டிலும் விலகி நிற்கிறது. நுண்மணல் நிலமும், வடக்கு நோக்கிய சரிவும், சுற்றியுள்ள காடும் சேர்ந்து வெப்பத்தைத் தணிப்பதால் பழம் மெதுவாகக் கனிகிறது. ஒயினும் புதிய ஓக் மரத்தின் வாசம் ஏறாத பழைய பீப்பாய்களிலேயே முதிர்கிறது. வெளிறிய நிறத்தைக் கண்டு இதை மெலிந்த ஒயின் என்று எண்ணிவிடக் கூடாது. செம்பழமும் உலர்ந்த மூலிகையும் கலந்த அதன் நறுமணத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகா என்பதே என் கருத்து. ஒரு புட்டியின் விலை பல நூறு யூரோவைத் தாண்டுவதுதான் வருத்தம்.

சிரில்லோவின் பெருமை வயது. ஒயினின் பெயரில் 1850 என்றிருந்தாலும், பரோசாவின் லைட் பாஸ் பகுதியில் 1848-இல் நடப்பட்டதாகக் குடும்பத்தார் கூறும் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. வேர்களை அழிக்கும் ஃபைலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவை எட்டாததே இதற்கு முதற்காரணம். 1980-களில் கொடிகளைப் பிடுங்குவதற்கு அரசே பணம் கொடுத்த காலத்தில் எத்தனையோ முதிய தோட்டங்கள் அழிந்தன என்பதை நினைத்தால், இத்தோட்டம் எஞ்சியிருப்பதே நெஞ்சை நிறைக்கிறது. ஒயினில் பரோசாவின் வெயில் தெரிகிறது: பழம் நன்கு கனிந்தது, வாய்நிறைவு மிக்கது.

மெக்லாரன் வேலின் பிளூயிட் ஸ்பிரிங்ஸில் 1946-இல் நடப்பட்ட கொடிகள் ஹை சாண்ட்ஸுக்கு உரியவை. வயதில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இளையவை. எனினும் ஆழமான மணல் இவற்றின் ஒயினைச் சிரில்லோவைவிட ராயாஸுக்கே நெருக்கமாக்குகிறது. துவர்ப்பு நுண்ணியது, கனிவு இருந்தும் கனம் இல்லை.

மூன்றில் ஒன்றை வாங்கச் சொன்னால் நான் ஹை சாண்ட்ஸையே எடுப்பேன். கொடியின் வயதைவிட மணலும் மிதமான வெப்பமும் கிரனாஷின் நறுமணத்தை அதிகம் காக்கின்றன என்பதற்கு அதுவே கைக்கெட்டும் சான்று. ஆட்டிறைச்சி வறுவலோடு பருகுவோருக்குச் சிரில்லோ கூடுதலாகப் பொருந்தலாம். எதுவாயினும் 16 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்வித்துப் பரிமாற வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் ஆல்கஹாலின் காரம் மணத்தை மூடிவிடும்.