நோட்டர் டேம் வளாகச் சுற்றுலா: குவிமாடத்தை விடச் செங்கல்லைப் பாருங்கள்

சிகாகோவில் மகன் வீட்டுக்கு வந்து மால் மாலாகச் சுற்றி அலுத்துப்போன பெற்றோர் யாராவது இருந்தால், இண்டியானாவில் சவுத் பெண்ட் நகரை ஒட்டியுள்ள இந்த நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை போய் வரலாம். காரில் இரண்டு மணி நேரம். சுற்றிக்காட்டக் கட்டணம் இல்லை. எங்கள் குழுவுக்கு வந்த மாணவி பின்னோக்கி நடந்தபடியே பேசினார், ஒரு தடவைகூடக் கால் தடுக்கி விழவில்லை.

எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1842 நவம்பர் 26 அன்று இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 28. பிஷப் 524 ஏக்கர் கொடுத்தார், இரண்டு வருஷத்துக்குள் கல்லூரி எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. கையில் காசு கிடையாது. ஆனாலும் 1844 ஜனவரியிலேயே மாநில அரசிடம் பல்கலைக்கழகம் என்று சாசனம் வாங்கிவிட்டார் மனுஷன்! அப்போது சின்னப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் வகுப்பு. கடன் நெருக்கவே, 1850-ல் தன் துறவற சபைச் சகோதரர்கள் சிலரைக் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தோண்ட அனுப்பினார். தங்கம் கிடைக்கவில்லை. போனவர்களில் ஒருவர் அங்கேயே இறந்துபோனார். 1854-ல் காலரா வேறு.

வளாகத்தில் இருக்கும் மரக்கட்டைச் சிற்றாலயம் பழசு என்று நினைத்துவிடாதீர்கள். அசல் 1856-ல் எரிந்துவிட்டது, இது 1906-ல் அதே மாதிரி கட்டியது.

நான் பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன், அதனால் எனக்குப் பிடித்தது தலைமைக் கட்டிடம்தான். முன்பிருந்த கட்டிடம் 1879 ஏப்ரல் 23 அன்று தீயில் போனது. அன்று கூரையில் வேலை நடந்திருக்கிறது, கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியூர் போயிருந்த சோரின் திரும்பி வந்து, இன்னும் பெரிதாகக் கட்டுவோம் என்றார். வயது 65. செப்டம்பரில் பிள்ளைகள் புதுக் கட்டிடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்! 40 லட்சத்துக்கும் மேல் செங்கல். எங்கள் காலத்தில் நாலு மாதத்தில் எஸ்டிமேட்டே கையெழுத்தாகாது. ஏரிப்பக்கத்து மண்ணில் அறுத்துச் சுட்ட மஞ்சள் செங்கல்தான் இந்த வளாகத்தின் அடையாளம். கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன்: வெளிறிய சந்தன நிறம், சொரசொரப்பு, இரண்டு கற்கள்கூட ஒரே நிறமாக இல்லை. எல்லோரும் அண்ணாந்து கட்டிடத்தின் உச்சியில் உள்ள தங்கக் குவிமாடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது 1882-ல் முடிந்தது, தங்கத் தகடு அதற்கும் பிறகு.

கட்டிடத்தின் உள்ளே கொலம்பஸைப் பற்றிய சுவர் ஓவியங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பழங்குடி மக்களைக் காட்டிய விதத்துக்கு எதிர்ப்பு வந்து, 2020-ல் திரை போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. இந்த மண்ணே பொட்டாவட்டோமி மக்கள் வாழ்ந்த இடம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். கால்பந்து ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டத்தில் செங்கல்லை எங்கே பார்ப்பது? முழங்கால் வலி உள்ளவர்கள் மெத்தென்ற செருப்போடு போங்கள், நடை அதிகம். அப்புறம், புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.