பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: இத்தனை வருடம் கேட்ட பிறகு

பிரிட்டிஷ் ராக் குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் இந்த ஆல்பம் 1985 மே மாதம் வெளிவந்தது. முதலில் கேசட்டில் கேட்டேன், அப்புறம் சிடியில், இப்போது பெரும்பாலும் போனில். ஒரு காலத்தில் புது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் முதலில் போட்டுப் பார்த்தது இதைத்தான். டிஜிட்டல் டேப்பில் பதிவான ஆரம்பகால ராக் ஆல்பங்களில் ஒன்று, சிடியில் மட்டும் பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம் என்ற பெருமைகள் இதற்கு உண்டு. அன்று எங்கள் பேச்சு முழுக்க அந்த ஒலித் துல்லியத்தைப் பற்றித்தான். இன்று எல்லாப் பதிவும் துல்லியமாகத்தான் இருக்கிறது. இந்த ஆல்பத்தை நான் இன்னும் தேடிப் போவது, அதில் அவசரமே இல்லாமல் நகரும் பாட்டுகளுக்காக.

பெரிய ஹிட்டான 'மனி ஃபார் நத்திங்'கின் தொடக்கம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. விருந்தினராக வந்த பாடகர் ஸ்டிங்கின் உச்சக் குரல், குழுவின் டிரம்மர் டெர்ரி வில்லியம்ஸின் டிரம்ஸ் மெல்ல ஏறி வெடிப்பது, பிறகு அந்தக் கிட்டார். மைக்குகள் இடம் மாறி, ஒன்று தரையைப் பார்த்துக் கிடந்த நிலையில் கிடைத்த சத்தம் அது. ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மன் அதை அப்படியே விட்டுவிட்டார், நல்லவேளை. பாட்டு முழுக்க மின்சாதனக் கடை ஊழியர் ஒருவரின் புலம்பல். நியூயார்க் கடையில் காதில் விழுந்ததை குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் நாஃப்ளர் எழுதி வைத்துக்கொண்டார். அதில் தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல் வருகிறது. பேசுவது அந்தப் பாத்திரம்தான் என்றாலும் இன்று கேட்கக் கூசுகிறது. குறைத்து வெட்டிய வடிவங்களில் அந்தப் பகுதி இல்லை. பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

'வாக் ஆஃப் லைஃப்' உற்சாகமான பாட்டுதான். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. 'ஒன் வேர்ல்ட்' எப்போதுமே ஒட்டவில்லை.

'ஒய் வொரி'க்கு வருவோம். சிடியில் எட்டரை நிமிடம். பாடி முடித்த பிறகு கிட்டாரும் கீபோர்டும் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கும். இளம் வயதில் அந்த இடம் வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். இப்போது அந்தக் கடைசி மூன்று நிமிடத்துக்காகவே பாட்டைப் போடுகிறேன். தூக்கம் வராத இரவுகளில் எனக்கு இதைவிட நல்ல துணை கிடைத்ததில்லை.

இரண்டாம் பாதியில் பெரும்பாலும் போரின் நிழல். 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்'கில் வயதான போர்க்குற்றவாளி தன் கதையைச் சொல்கிறான். தனிக் கிட்டாரின் மெல்லிய மீட்டல், திடீரென்று இடி விழுந்ததுபோல் மொத்த வாத்தியங்களும். இந்த ஏற்ற இறக்கம் பழைய சிடியில் நன்றாகத் தெரியும். 1996 மறுபதிப்பில் ஒட்டுமொத்த ஒலியளவைக் கூட்டியிருப்பதால் கொஞ்சம் மழுங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

தலைப்புப் பாட்டுக்குப் பின்னணி பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர். சாகக் கிடக்கும் ஒரு வீரன் தோழர்களிடம் பேசுகிறான். யாரையும் பழிக்கவில்லை, வெற்றி முழக்கமும் இல்லை. நாஃப்ளரின் கிட்டார் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லும், ஒரு ஸ்வரம்கூட அதிகம் இல்லாமல். வயது ஏற ஏற இந்தப் பாட்டு எனக்குக் கனத்துக்கொண்டே போகிறது. வேலை பார்த்துக்கொண்டே கேட்க முடிவதில்லை, நிறுத்திவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது கரீபியத் தீவான மான்செராட்டில், பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த ஏர் ஸ்டுடியோவில். 1989இல் ஹியூகோ புயல் அந்த இடத்தைச் சிதைத்துவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1985இன் ஒற்றை இசைத்தட்டில் இடம் போதாமல் முதல் பக்கத்துப் பாட்டுகளைச் சுருக்கிவிட்டார்கள். மொத்தம் 55 நிமிடம் 47 ஆகிவிட்டது. 'ஒய் வொரி' மட்டுமே மூன்று நிமிடம் இழந்தது. இசைத்தட்டில்தான் வேண்டும் என்றால் இரண்டு தட்டுகளாக வந்த பிற்காலப் பதிப்பைத் தேடுங்கள், அதில் பாட்டுகள் முழு நீளத்தில் இருக்கும். பழைய சிடி கையில் இருந்தால் அதுவே போதும்.