ஹோம் அகெய்ன்: உடன் தங்குபவர் கையில் இருக்கும் சேவை

சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட 'தி பேன்யன்' அமைப்பு 2015 முதல் நடத்திவரும் சேவை இது. மனநலக் காப்பகத்தில் வருடக்கணக்கில் தங்கிப்போனவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். யாரோடு யார் இருப்பது என்பதில் அவர்கள் விருப்பத்துக்கே முதலிடம். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதை நடைமுறையில் செய்துகாட்டும் ஏற்பாடுகளில் இது உயர்வானது.

வீட்டோடு தங்கும் உதவியாளர் மனநலப் பட்டம் பெற்றவராக இருக்கத் தேவையில்லை. குடியிருப்பவர்களால் அவரிடம் உண்மையைச் சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின் மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது. டாக்டரிடம் சொல்லி 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். "மாத்திரை போட்டாச்சா?" என்று அதட்டினால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். தூக்கத்தில் எச்சில் வடிந்து தலையணை நனைவதையும், மூன்று நாளாக மலம் போகாததையும் வெட்கப்படாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இந்த மருந்தில் மலச்சிக்கல் முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட வீடுகள் எங்கே சறுக்கும்? பெரும்பாலும் சமையலறையில். குடியிருப்பவர் காய் நறுக்க ஒரு மணி நேரம் ஆகும். உதவியாளர் நறுக்கினால் இருபது நிமிடம். நல்லெண்ணத்தில்தான் கத்தியைக் கையில் வாங்கிக்கொள்வார். அப்புறம் கடைக்குப் போவது, பணம் எண்ணுவது, சாவி என்று எல்லாம் அவரிடமே போய்ச்சேரும். ஆறே மாதத்தில் வீடு குட்டி வார்டாகிவிடும்.

இன்னொரு பலவீனம், உதவியாளர் மாறுவது. மருந்துச் சீட்டை மட்டும் கைமாற்றினால் போதாது. தூக்கம் குறைவது, குளிக்க மறுப்பது என்று நோய் திரும்புவதற்கான முன்னறிகுறி ஒவ்வொருவருக்கும் வேறு. அதைப் புதியவர் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு வாரமாவது இருவரும் சேர்ந்து தங்க வேண்டும்.

பணம் கட்டிச் சேர்க்கும் விடுதியைத் தேடுபவர்களுக்காக உருவானதல்ல இது. இதே மாதிரியில் வீடு தொடங்க நினைக்கும் அமைப்புகள், ஆள் எடுக்கும்போது குடியிருக்கப்போகிறவர்களையும் உட்காரவைத்துக் கேட்கட்டும்.