பழைய வீட்டுச் சுவரோவியத்தை "புதுசாக்கித் தருகிறேன்" என்று வருபவரிடம் உஷார்

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய தறவாட்டு (பரம்பரைக் குடும்ப) வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சுவரோவியம் சரிசெய்கிறேன் என்று ஓர் ஆள் வீடு வீடாக வருகிறார். திருவட்டாறு பக்கம் எங்கள் அம்மா வீட்டுப் பூஜை அறையில் இருந்த அனந்தசயன ஓவியத்தை நாசம் செய்தது அவர்தான்.

"அம்மா, இனி இருபது வருஷத்துக்கு நீங்க கைவைக்கவே வேண்டாம்" என்று சொல்லி 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். சோப்புத் தண்ணீர் தொட்டுச் சுவரைத் துடைத்தார். காரை பெயர்ந்த இடத்தில் சிமென்டை அப்பினார். அதன்மேல் அக்ரிலிக் பெயின்டில் பெருமாள் முகத்தையே புதிதாக வரைந்து, வார்னிஷும் அடித்தார். பார்க்க காலண்டர் படம் போலப் பளபளவென்று இருந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஓதத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமென்டும் வார்னிஷும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஐப்பசி மழையில் சிமென்ட் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்தது. பெயின்ட் கொப்பளித்து, நகம் பட்டாலே பெயர்ந்து வந்தது. விழுந்த ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஆதிசேஷனின் பழைய பச்சையும் காவியும் அப்படியே ஒட்டியிருந்தன. சுவரில் வெறும் காரைதான் மிச்சம். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அம்மா அழுகிறார்.

போனில் கேட்டால், "உங்க சுவருல ஓதம், நான் என்ன செய்ய?" என்கிறார். ஓடு ஒழுகுகிறதா என்று அவர் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வேலையே அதுதானே!

நம்ம பக்கத்து ஓவியங்கள் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல், பிசின் கலந்த நிறத்தால் தீட்டியவை. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் இருப்பதும் இந்த வகைதான். பிசின் தண்ணீரில் இளகும், ஈரத்துணி பட்டால் நிறம் கையோடு வரும். வாளியில் தண்ணீர் கேட்டாலே அந்த ஆளை நிறுத்திவிடுங்கள். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரைதான் போக வேண்டும். நிறம் போன இடத்தில் மட்டும், பின்னால் எடுத்துவிடக்கூடிய நிறத்தை மெல்ல நிரப்பலாம். மிச்சமிருக்கும் பழைய கோட்டின்மேல் தூரிகை படவே கூடாது.

வேலை முடிந்த அன்று எடுத்த போட்டோவை நம்பாதீர்கள். அவர் செய்ததில் ஒரு மழைக்காலம் தாண்டிய வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். என்னென்ன பொருள் பூசப்போகிறார் என்று எழுதி வாங்குங்கள். விவரம் கேட்க லக்னோவில் மத்திய அரசின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, பழைய கலை, கட்டடங்களைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் பாதுகாப்பு மையங்களும் இருக்கின்றன.

ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பணம் போனாலும் பரவாயில்லை என்று வேலையை உடனே நிறுத்துங்கள். எங்கள் சுவரின் போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன், வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.