பழைய லேண்ட் ரோவருக்குப் பெட்ரோல் குழாய்: சுங்கை சிப்புட் பட்டறை ஒன்றின் வேலை எப்படி?

சுங்கை சிப்புட் கடைவரிசையின் கடைசியில், செம்பனைத் தோட்டங்களின் டிராக்டர்களுக்கும் லோரிகளுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் பொருத்தித் தருவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட சிறிய பட்டறை ஒன்று, பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பெட்ரோல் குழாய் மாற்றும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 இன்ச் இடைவெளி கொண்ட என்னுடைய சீரிஸ் 3 வண்டிக்கு, டேங்கிலிருந்து பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களையும் அங்கேதான் புதிதாகப் போட்டேன். வேலை நேர்த்தியானது, ஆனால் அவசரக்காரர்களுக்கு ஏற்ற இடம் அன்று. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் வேலையை ஒப்படைக்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளவும் வேண்டும்.

சீரிஸ் 3 வண்டிகள் 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டவை. 2286 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட 88 இன்ச் வண்டியில், வலப்பக்க இருக்கையின் அடியில் டேங்க் இருக்கும். என்ஜினோடு சேர்ந்து இயங்கும் பம்ப் அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும். ஒரு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து என்னிடம் வந்த வண்டியில் இந்தக் குழாய் ஒரே குழாயாக இல்லை. கொஞ்ச தூரம் துருப்பிடித்த இரும்பு, கொஞ்ச தூரம் ஏர்கான் வேலைக்கு வாங்கும் செம்பு, இரண்டுக்கும் நடுவே களைக்கொல்லி தெளிக்கும் பம்பின் ஹோஸ் என்று அவ்வப்போது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு யாரோ ஒட்டுப்போட்டிருந்தார்கள். சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடும். மேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிடும். அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது.

பட்டறைக்காரர் முதலில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி என்ஜினை ஓடவிட்டார். பெட்ரோலோடு கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடி வந்து, பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் நுரையாகச் சேர்வதை நானே பார்த்தேன். "தம்பி, பம்ப்பு இழுக்கிற பக்கத்துல எண்ணெய் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும்" என்றார். டேங்க் பம்ப்பைவிடத் தாழ்வாக இருப்பதால், உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெட்ரோல் கசியாது. அந்த வழியாகக் காற்றே நுழையும். இதே அறிகுறிக்கு வேறு இடங்களில் கார்புரேட்டர் கிட்டை மாற்றச் சொல்லிப் பணம் வாங்கியிருப்பார்கள் என்பதால், இந்தச் சோதனை ஒன்றுக்காகவே அவருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

குழாய்க்கு அவர் தேர்ந்தெடுத்தது 5/16 இன்ச் செம்பு-நிக்கல் கலவை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிக்கல் கலந்த இந்த உலோகம் கடல் நீரையே தாங்கக்கூடியது. துருப்பிடிக்காது, கையாலேயே ஓரளவு வளையும். வெறும் செம்பும் வளையும், விலையும் குறைவு. ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகிப் பொருத்துமிடத்தில் விரிசல் விடும் என்பதோடு, பெட்ரோல் நாட்பட்டுப் பிசினாக மாறுவதையும் அது விரைவுபடுத்தும். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டிக்கு இந்த இரண்டாவது காரணம் முக்கியமானது. குழாயை ரம்பத்தால் அறுக்காமல் உருளைக் கட்டரால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே அவர் பொருத்தினார். உலோகத்தூள் ஒரு சிட்டிகை கார்புரேட்டரின் ஜெட் எனும் நுண்துளையில் மாட்டினால் போதும், பட்ட பாடெல்லாம் வீண்.

எனினும் இந்தப் பட்டறையின் உண்மையான திறமை குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது. பழைய குழாய் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு, ஓரிடத்தில் புகைக்குழாயை ஏறக்குறைய உரசியபடி சென்றது. தோட்டத்து மண்சாலையில் கல் மட்டுமா அடிக்கும்? வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. தொங்கும் ஹோஸை அது ஊசிபோலத் துளைத்துவிடும். அவர் முதலில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை வண்டியின் அடியில் வளைத்து வளைத்து வழியைக் குறித்துக்கொண்டார். டேங்க் சேசிஸுக்கு வெளிப்புறம் இருப்பதால், குழாயைச் சேசிஸின் மேலாகக் கடத்தி, அதன் உட்புற மேல் ஓரத்தை ஒட்டியே முன்னால் கொண்டுசென்றார். கடக்கும் இடத்தில் ரப்பர் உறை. அதன்பின் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, உள்ளே ரப்பர் வைத்த கிளிப். புகைக்குழாயிலிருந்து எங்கும் ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி. ஸ்டார்ட்டர் வயருக்கு அருகில் குழாய் போகவே இல்லை. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 பாகையை எட்டும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், மதிய வெயிலில் மெதுவாக மேடேறும் வண்டிக்கு இந்த இடைவெளி அழகுக்காக விடப்படுவது அன்று. அதே காரணத்தால் குழாய் டேங்கைத் தாண்டியபின் பம்ப் வரை சீராக மேலேறும்படி வைத்தார். நடுவில் திமில் விழுந்தால் ஆவி அங்கே தங்கிப் பெட்ரோலை மறித்துவிடும்.

ரப்பர் ஹோஸ் பயன்பட்டது இரண்டே இடங்களில்: சேசிஸிலிருந்து பம்ப்புக்கும், பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கும். என்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், சேசிஸ் ஆடாது, ஆகவே அந்த இடைவெளியில் வளையும் துண்டு இல்லையென்றால் எந்த உலோகக் குழாயும் ஒருநாள் முறியும். உலோகக் குழாயின் நுனியில் சிறு வளையம்போல் புடைப்பு எழுப்பி, ஹோஸை அதைத் தாண்டித் தள்ளி, கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் இறுக்கினார். கிளிப்புகளும் துளையில்லாத பட்டை கொண்டவை. சாதாரண கிளிப்பின் துளைகள் ஹோஸின் தோலை அறுத்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்ஏஇ 30ஆர்7 என்ற தரக்குறி கொண்ட ஹோஸ் அழுத்த அளவில் தாராளமாகப் போதும், ஏனெனில் இந்த பம்ப் 3 பிஎஸ்ஐ-கூடத் தருவதில்லை. இருந்தும், உள்ளே புளோரோ ரப்பர் உள்ள 30ஆர்9 ஹோஸையே நான் கேட்டு வாங்கினேன். கூடுதல் விலைக்குப் பெட்ரோல் வாடை நின்றது. இணையத்தில் மலிவாக வாங்கிய, இதே எழுத்து அச்சிட்ட வேறொரு ஹோஸ் ஓராண்டுக்குள் வெடிப்பு விட்டதைக் கண்டதால், இப்போதெல்லாம் அச்சை மட்டும் நம்புவதில்லை. அவர் ஹோஸை வெட்டி உள் அடுக்கைக் காட்டியபிறகே அளந்தார்.

குறைகளும் உண்டு. அறுவடை மும்முரமாக இருக்கும் காலத்தில் தோட்ட லோரிகளுக்கே முதலிடம். நம் வண்டி டேங்கைக் கழற்றிய நிலையில் ஓரமாகக் காத்திருக்கும். போன் செய்தால் எடுப்பது அரிது. பெட்ரோல் ஃபில்டரை, என்ஜினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இடத்தின் சூட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நான் சொன்னதும் மறுபேச்சின்றி டேங்க் பக்கமாக மாற்றித் தந்தார் என்றாலும், இவ்வளவு கவனமான மனிதர் அதைச் சொல்லவைத்திருக்க வேண்டாம். கிளிப் திருகிய துளைகளின் மேல் பெயிண்ட் தொட்டுவைக்கவும் இல்லை. நம் மழைக்கு அதுதான் துருவின் வாசல். கூலியும் பொருளும் சேர்த்து 500 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. முன்கூட்டியே கணக்குச் சொல்லமாட்டார் என்பதைத் தவிர, விலையில் எனக்குப் புகார் இல்லை.

டீசல் வண்டிக்காரர்கள் பேசிக்கொள்ள வேண்டியது ஹோஸின் ரப்பரைப் பற்றி. 2019 முதல் நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. பழைய நைட்ரைல் ரப்பர் அதில் ஊறிப் பலமிழக்கக்கூடியது. பட்டறையில் கேட்காமல் கிடைப்பது நைட்ரைல் ஹோஸ்தான். இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சிறு குழாய்க்கும் சேர்த்துப் புளோரோ ரப்பர் வேண்டும் என்று சொன்னால், ஈப்போவிலிருந்து வரவழைத்துத் தருவார்; அதற்குச் சில நாள் பிடிக்கும். ரசீதில் ஹோஸின் தரத்தையும் குழாயின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார், கேட்காவிட்டால் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும்.