ஊசியா, களிம்பா, மாத்திரையா? ஆண் கருத்தடையில் எதற்கு முதலில் அனுமதி கேட்கலாம்

என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் சிசேரியன். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் சிஸ்டர் ஒரு படிவத்தோடு வந்தார். "ரெண்டாவது குழந்தைதானே, ஆபரேஷனையும் சேர்த்துப் பண்ணிடலாமாம்மா?" மாப்பிள்ளை டீ வாங்கப் போயிருந்தார். வந்ததும் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். நீங்க பண்ணிக்கிறீங்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துவைத்து வெட்டிய பயம் இன்னும் போகவில்லை என்பார்கள். அது பாதி உண்மைதான். நெருக்கடி நிலைக்கு முன்பே, 1971 ஜூலையில், கேரளத்தின் எர்ணாகுளம் கருத்தடை முகாமில் ஒரே மாதத்தில் 63,000 ஆண்களுக்கு மேல் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆணுக்கு இன்று கையில் இருப்பது இரண்டே வழி: காண்டம், வாசெக்டமி எனப்படும் ஆண் கருத்தடை ஆபரேஷன். காண்டத்தை மக்கள் நடைமுறையில் பயன்படுத்தும் விதத்தில், வருடத்துக்கு நூறு ஜோடியில் 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. வாசெக்டமி கிட்டத்தட்ட தவறுவதே இல்லை, ஆனால் மனம் மாறினால் திரும்புவது கஷ்டம். நடுவில் இருக்கிற பத்து, பதினைந்து வருடத்துக்கு ஆணிடம் ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்குத்தான் மூன்று போட்டியாளர்கள்.

முதலில் நம்மூர் ஊசி. கரக்பூர் ஐஐடி பேராசிரியர் சுஜாய் குகாவின் 'ரிசுக்'. விந்தணு வரும் குழாய்க்குள் ஒரு பாலிமரை ஏற்றிவிடுவார்கள். அது குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கடந்துபோகும் விந்தணுவைச் சிதைத்துவிடும். ஹார்மோன் எதுவும் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையை 2023-ல் வெளியிட்டது: கர்ப்பத் தடுப்பு 99.02 சதவீதம். ஏழு வருடம் கவனித்ததில் பெரிய பக்கவிளைவு இல்லை. இந்த எண்ணைப் பார்த்துக் குதிக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ரிசுக்கின் மொத்த வசீகரமே 'வேண்டாமென்றால் இன்னொரு ஊசி போட்டுக் கழுவிவிடலாம்' என்பதில்தான் இருக்கிறது. விலங்குகளில் அது நடந்திருக்கிறது. மனிதர்களில் நிரூபிக்க வேண்டியது பாக்கி. அதுவரை இது கத்தியில்லாத வாசெக்டமி மட்டுமே. குகா இதைப் பற்றி முதலில் எழுதியது 1979-ல், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்.

இரண்டாவது, களிம்பு. தினமும் குளித்துவிட்டு இரண்டு தோள்பட்டையிலும் தேய்த்துக்கொள்ள வேண்டிய ஜெல். உள்ளே நெஸ்டரோன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் என்று இரண்டு ஹார்மோன். 'ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது' என்று மூளையை நம்பவைத்தால் விரைக்குப் போகும் உத்தரவு நின்றுவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். ஆசையும் தெம்பும் குறையாமலிருக்கத்தான் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சேர்ப்பது. அமெரிக்காவில் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பும் அரசின் என்ஐசிஎச்டி ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய சோதனையில், 15 வாரத்துக்குள் 86 சதவீத ஆண்களுக்கு விந்தணு தேவையான அளவு குறைந்ததாக 2024-ல் சொன்னார்கள். நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி வந்துவிடும். தொல்லை என்னவென்றால் தினமும் மறக்கக் கூடாது, காய்வதற்குள் மனைவி மேலோ குழந்தை மேலோ பட்டுவிடக் கூடாது. தோளில் தூங்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது ஒய்சிடி-529 என்ற மாத்திரை. விந்தணு உருவாக வைட்டமின் ஏ-யின் சமிக்ஞை வேண்டும், அதை மட்டும் தடுக்கிறது. எலிகளில் அருமை. மனிதரில் 2025-ல் வெளிவந்த முதல் கட்டச் சோதனை 16 பேரோடு சரி, அவர்களும் ஏற்கெனவே வாசெக்டமி செய்தவர்கள். ஆகவே பாதுகாப்பு பற்றித்தான் ஏதோ தெரியும், பலன் பற்றி அல்ல. இதே வைட்டமின் ஏ வழியில் 1960 வாக்கில் வந்த வின் 18,446 என்ற மருந்தும் நன்றாகத்தான் வேலை செய்தது. மது அருந்தினால் மட்டும் உடம்பைப் புரட்டிப்போட்டது. டாஸ்மாக் ஊரில் அதை யார் வாங்குவார்கள்!

இந்த மூன்றில் எதுவானாலும் கடைசியில் மாட்டுவது ஒரே தராசில். பெண்ணின் மாத்திரைக்கு அனுமதி தரும்போது பக்கவிளைவை ஒரு தட்டிலும், கர்ப்பத்தால் அவள் உடம்புக்கு வரும் ஆபத்தை இன்னொரு தட்டிலும் வைக்கிறார்கள். ஆணுக்குக் கர்ப்பம் வராது, அதனால் அவன் தட்டு காலி. சின்னப் பக்கவிளைவுகூடக் கனமாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 320 ஆண்களிடம் நடந்த ஹார்மோன் ஊசிச் சோதனை 2011-ல் அப்படித்தான் நின்றது. பருக்கள், மனச்சோர்வு என்று புகார்கள் வந்தன. அவை பொய்யில்லை, மனச்சோர்வு லேசான விஷயமும் இல்லை. ஆனால் சோதனையை நிறுத்தியது அந்த ஆண்கள் அல்ல, பாதுகாப்பைக் கவனித்த குழு. தொடர்ந்து போட்டுக்கொள்ளத் தயார் என்றவர்கள் 75 சதவீதத்துக்கு மேல். 2016-ல் முடிவு வெளியானதும் 'ஆம்பளைங்களால தாங்க முடியல' என்று உலகமே கேலி செய்தது.

ஜோடியை ஒரே கணக்காக எடுத்து, அவன் தடுக்கும் கர்ப்பத்தின் ஆபத்தை அவன் தட்டில் வைக்க வேண்டும் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நான் அவர்கள் பக்கம். அப்படி வைத்தால் களிம்புதான் அனுமதிக்கு மிக அருகில் இருக்கிறது, என் ஓட்டும் அதற்கே. ரிசுக்குக்கு நான் கேட்பது அனுமதியை அல்ல, கழுவிவிட்டால் பழையபடி ஆகிறதா என்று மனிதர்களில் ஒரு முறையான சோதனையை. மாத்திரை இன்னும் பல வருடம் தள்ளி.

என் மாப்பிள்ளைக்கு இதில் எதுவும் தேவைப்பட்டிருக்காது. தழும்பில்லாத வாசெக்டமிக்கு மரப்பு ஊசி போட்டு அரை மணி நேரம், ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டும், மூன்று மாதம் காண்டம், அப்புறம் ஒரு விந்துப் பரிசோதனை. அன்று அவர் டீயோடு வந்து நின்ற இடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.